நிழல் குட்டையானதும் மாடி ஏறுங்கள்

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி விடிகாலையில் நடக்கிறவர்களில் சிலர், நடை முடிந்ததும் கிழக்கே பார்த்துக் கையை விரித்து நிற்பார்கள். கேட்டால், "வைட்டமின் டி ஏறட்டும்" என்பார்கள். மணி ஆறரை இருக்கும். அதே ஆட்கள் ரத்தப் பரிசோதனைக்குப் போனால் அளவு 20 நானோகிராமுக்குக் கீழே என்று தாள் வருகிறது. மதுரையில் இருந்துகொண்டு வெயில் பற்றாக்குறையா என்று டாக்டரிடமே சண்டைக்கு நிற்பவர்களும் உண்டு.

தப்பு வெயிலில் இல்லை, கடிகாரத்தில். தோலில் இருக்கும் ஒருவகைக் கொழுப்பை வைட்டமின் டி-யாக மாற்றுவது புற ஊதா பி கதிர். சூரியன் தாழ்வாக இருக்கும்போது அந்தக் கதிர் காற்றுமண்டலத்தைச் சாய்வாக, நெடுந்தூரம் கடந்து வரவேண்டும். வழியிலேயே ஓசோன் அதை விழுங்கிவிடும். இளவெயிலில் வெளிச்சம் உண்டு, இதம் உண்டு, சரக்கு மட்டும் இல்லை. திருப்பதியில் சி.வி. ஹரிநாராயண் குழுவினர் அந்தக் கொழுப்பைக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து வெயிலில் வைத்து மணிக்கணக்கில் அளந்து பார்த்தார்கள். 2013-இல் வெளியான அவர்களது முடிவின்படி, மாற்றம் அதிகம் நடப்பது காலை 11 முதல் மதியம் 2 மணி வரை. மதுரை திருப்பதிக்கும் தெற்கே, பூமத்திய ரேகையிலிருந்து பத்து டிகிரி தூரத்தில் இருக்கிறது. இங்கே சூரியன் இன்னும் உச்சிக்கு நெருக்கம்.

சரியான நேரத்தைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் தண்ணீர் பாட்டிலை நிறுத்திவையுங்கள். நிழல் பாட்டிலைவிட நீளமாக இருந்தால் கீழே இறங்கி வேறு வேலை பார்க்கலாம். பாட்டிலைவிடக் குட்டையாகிவிட்டால் நேரம் வந்துவிட்டது. மதுரையில் சித்திரை மாதத்தில் இது காலை ஒன்பதே காலுக்கே நடந்துவிடும். மார்கழியில் பத்தே கால் ஆகும். மார்கழி உச்சிவேளையில்கூட இங்கே ஆளின் நிழல் ஆள் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே "பனிக்காலம், வெயிலில் சத்து இருக்காது" என்ற பேச்சு லண்டனுக்குப் பொருந்தும், மேலூருக்குப் பொருந்தாது.

அப்படியானால் பிற்பகலில் நின்றால் என்ன? கணக்குப்படி ஒன்றும் தப்பில்லை. நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.15-ஐ ஒட்டி. அதனால் காலை ஒன்பதே முக்காலுக்கு விழும் கதிரும் பிற்பகல் இரண்டே முக்காலுக்கு விழும் கதிரும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் தரையும் காற்றும் பகலெல்லாம் சூடேறி, பிற்பகல் மூன்று மணிவாக்கில்தான் அனல் உச்சத்துக்குப் போகும். ஒரே சத்து, ஒன்றில் மட்டும் தலைசுற்றல் இலவசம் என்றால் எதை எடுப்பது? காலைதான். சித்திரை, வைகாசியில் பத்தரைக்கு மேல் இதற்கென்று வெயிலில் நிற்கவே கூடாது. செல்போனில் வானிலை பார்ப்பவர்கள் புற ஊதாக் குறியீட்டு எண்ணைக் கவனிக்கலாம். அது 3-க்குக் கீழே இருந்தால் நிற்பது வீண். கோடை நடுப்பகலில் அது 11-ஐத் தாண்டிவிடும். அது விளையாடும் நேரம் இல்லை.

நேரம் பிடிபட்டுவிட்டால் மீதி சுலபம். முகத்தைக் காட்ட வேண்டியதில்லை, அது ஏற்கெனவே போதுமான வெயிலைத் தின்றிருக்கும். முழங்கை வரை, முடிந்தால் தோள் வரை கை. முழங்கால் வரை கால். ஆண்கள் என்றால் முதுகும். தலையில் துண்டு. ஜன்னலுக்குப் பின்னால் உட்காருவது கணக்கில் சேராது: கண்ணாடி பி கதிரை நிறுத்திவிட்டு, தோலைச் சுருங்கவைக்கும் ஏ கதிரைப் பெருமளவு உள்ளே விடும். காரில் போகிறவர்களுக்கும் இதே கதைதான்.

எவ்வளவு நேரம்? வெள்ளைக்காரர்களுக்கு எழுதிவைத்த ஐந்து, பத்து நிமிடம் நமக்குப் போதாது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் இயற்கையான குடை. கதிரை அதுவே பிடித்துக்கொள்ளும். மாநிறமோ கறுப்போ, இருபது முதல் முப்பது நிமிடம், வாரத்தில் நான்கு நாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் நின்று வாரத்தை ஈடுகட்டப் பார்ப்பது வேலைக்காகாது. ஓர் அளவுக்கு மேல் தோலில் உருவானதை அதே வெயில் சிதைத்துவிடும். எழுபதைத் தொட்டவர்களின் தோல் இளவயதில் செய்ததில் பாதிகூடச் செய்யாது. அவர்களை வெயிலில் நிறுத்துவதைவிட டாக்டரிடம் கூட்டிப்போவது நல்லது. கைக்குழந்தைகளை இந்த வெயிலில் காட்டவே வேண்டாம். தினம் 400 யூனிட் சொட்டுமருந்து அதற்குத்தான் எழுதித் தருகிறார்கள்.

மாடியில் சும்மா நிற்க யாருக்குப் பொறுமை? மோர்மிளகாயைத் திருப்பிப்போடுவது, துணி உலர்த்துவது, தொட்டிச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது ஆகிய மூன்றையும் பத்து மணிக்குத் தள்ளிவைத்தால் போதும். சிக்கல் கடைக்காரர்களுக்கு. விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைகளில் காலையில் நுழைந்தால் இரவு ஷட்டர் இறங்கும்போதுதான் வெளியே வருகிறார்கள். சித்திரை, வைகாசி தவிர்த்த மாதங்களில் அவர்கள் பதினொரு மணி டீயைக் கடைக்குள் வாங்கிக் குடிக்காமல் வெளியே வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக் குடிக்கட்டும். மல்லிகைத் தோட்டக்காரர்கள் வெயிலிலேயே வேலை பார்க்கிறார்கள் என்று நினைப்போம். பூ மலர்வதற்குள் பறித்தாக வேண்டும் என்பதால் பறிப்பில் பெரும்பகுதி விடிகாலையோடு முடிந்துவிடுகிறது. நாற்று நடும் பெண்கள் விஷயம் வேறு. சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு என்று அவர்கள் போட்டுக்கொள்வதுதான் பகல் முழுக்க வெயிலில் நிற்பவர்களுக்கு ஏற்ற உடுப்பு. எந்தக் களிம்பும் அதற்கு ஈடில்லை.

மாத்திரை விஷயத்தில் ஒரு கறார். 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட் வாரத்துக்கு ஒன்று, அதுவும் சில வாரங்களுக்கு. "சத்துதானே" என்று தினம் ஒன்று பாலில் கலக்கிக் குடித்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியில் தொடங்கி சிறுநீரகம் வரை போகும். வெயில் அப்படிச் செய்யாது. மேலே சொன்ன சிதைவே அதற்குக் காவல்.

இனி, தோல் புற்றுநோய் பயம். இந்தியாவில் வரும் புற்றுநோய்களில் தோல் புற்றுநோய் ஒரு சதவீதத்துக்கும் கீழ். ஆஸ்திரேலியாவில் மூன்றில் இரண்டு பேருக்கு எழுபது வயதுக்குள் ஏதோ ஒரு வடிவில் வருகிறது. அங்கே குடியேறிய நம்மவர்கள் அதைப் பார்த்து மிரண்டு வெயிலையே ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த நாட்டு நிபுணர்களே 2024-இல் வெளியிட்ட அறிக்கையில் தோல் நிறத்துக்குத் தக்கபடி அறிவுரையைப் பிரித்து, கருந்தோல்காரர்கள் நெடுநேரம் வெளியில் இருக்கும்போது காத்துக்கொண்டால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். இதற்கு விலக்கு சிலர் உண்டு. பிறவியிலேயே நிறமி இல்லாதவர்கள், சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், லூபஸ் நோயாளிகள் இந்தக் கட்டுரையின் மாடி யோசனையைப் பின்பற்றக் கூடாது.

நம் தோலில் புற்றுநோய் வரும்போது பல நேரம் வெயில் படாத இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது. அதனால்தான் கோட்டைவிடுகிறோம். மாதம் ஒருமுறை குளித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். குதிகாலில் பரவும் கரும்புள்ளி, கால்விரல் நகத்துக்கடியில் நாளுக்கு நாள் அகலும் கறுப்புக் கோடு, பழைய தீக்காயத் தழும்பில் ஒரு மாதமாகியும் ஆறாத புண். "கல் தடுக்கியது, செருப்பு கடித்தது" என்று காரணம் சொல்லாமல் ராசாசி மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் போய்விட வேண்டும். பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கண்டுபிடிக்கப்பட்டது கால் பெருவிரல் நகத்துக்கடியில்தான். 1981-இல் இறந்தார், வயது 36.

அடுத்து இடுப்பு. 1945-இலேயே பம்பாயின் வி.ஆர். கனோல்கரும் பி. சூர்யாபாயும் வேட்டி முடிச்சு அழுத்தும் இடத்தில் வரும் புற்றுநோயைப் பதிவு செய்தார்கள். பின்னால் சேலை கட்டும் பெண்களிடமும் அது காணப்பட்டது. பாவாடை நாடா பதியும் வரியில் தோல் கறுத்து, தடித்து, வெடித்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் காட்டுங்கள். இல்லாவிட்டாலும் மெல்லிய நாடாவை எடுத்துவிட்டு அகலப் பட்டை தைத்துக்கொள்வதும், வீட்டில் இருக்கும்போது தளர்த்திக் கட்டுவதும் பத்து ரூபாய்ச் செலவுகூட இல்லாத வேலை.