கரு தங்க ஒரு மாத்திரை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: கரு தங்குவதற்கு ஹார்மோன் மாத்திரை போட்டுக்கொண்டால் என்ன கெடுதல்? பலித்தால் லாபம், பலிக்காவிட்டால் நஷ்டமில்லை.

உண்மை: இந்தக் கணக்கை நம்பித்தான் அமெரிக்காவில் லட்சக்கணக்கான கர்ப்பிணிகளுக்கு டிஇஎஸ் என்ற மாத்திரை எழுதித் தரப்பட்டது. டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்பது முழுப்பெயர். 1938இல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழுவினர் உருவாக்கிய செயற்கை ஈஸ்ட்ரோஜன் அது. கருச்சிதைவை இது தடுக்கும் என்று பாஸ்டனைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்மித், ஆலிவ் ஸ்மித் தம்பதி 1940களில் எழுதினார்கள். 1957இல் ஒரு நிறுவனம், எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதைக் கொடுக்கலாம், குழந்தை பெரிதாகவும் பலமாகவும் பிறக்கும் என்றே விளம்பரம் செய்தது.

ஆனால் அதற்கு 4 ஆண்டுகள் முன்பே, 1953இல், சிகாகோவில் வில்லியம் டிக்மன் ஒரு முறையான சோதனையின் முடிவை வெளியிட்டிருந்தார். சுமார் 1,650 கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு டிஇஎஸ், மீதிப்பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. கருச்சிதைவைத் தடுப்பதில் டிஇஎஸ்ஸால் எந்தப் பயனும் இல்லை என்று தெரிந்தது. பிற்பாடு அதே விவரங்களை மறுபடி ஆராய்ந்தவர்கள், மாத்திரை சாப்பிட்டவர்களின் நிலை மோசமாகவே இருந்ததைக் கண்டார்கள். இருந்தும் 1971 வரை கர்ப்பிணிகளுக்கு அது எழுதித் தரப்பட்டது. பயனில்லை என்று அச்சில் வந்த பிறகும் 18 ஆண்டுகள்! இதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

நம்பிக்கை: குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது. இனி அந்த மருந்தால் ஒன்றும் வராது.

உண்மை: கர்ப்பிணிகள் சாப்பிட்ட தாலிடோமைடு என்ற இன்னொரு மருந்து குழந்தைகளுக்குத் தந்த ஊனம் பிறந்த அன்றே கண்ணுக்குத் தெரிந்தது. அதனால் 1957இல் விற்பனைக்கு வந்த மருந்தை 1961இல் நிறுத்த முடிந்தது. டிஇஎஸ் குழந்தைகளோ கைகால் குறையில்லாமல் பிறந்து, வளர்ந்து, பள்ளிக்குப் போனார்கள். 1960களின் பிற்பகுதியில் பாஸ்டன் மருத்துவர்களிடம் 15 முதல் 22 வயதுப் பெண்கள் யோனிப் புற்றுநோயோடு வந்தார்கள். அந்த வயதில் யாருமே எதிர்பார்க்காத நோய். கர்ப்பகாலத்தில் தான் சாப்பிட்ட மாத்திரை காரணமாக இருக்குமோ என்று ஒரு தாய்தான் முதலில் மருத்துவர் ஹவார்ட் உல்ஃபெல்டரிடம் கேட்டார்.

மருத்துவர்கள் ஆர்தர் ஹெர்ப்ஸ்ட், உல்ஃபெல்டர், டேவிட் பாஸ்கன்சர் மூவரும் இதைத் தேடிப்போன விதம் எளிமையானது. நோயுற்ற 8 பெண்கள் ஒவ்வொருவருக்கும், அவர் பிறந்த அதே மருத்துவமனையில் 5 நாள் முன்பின்னாகப் பிறந்த 4 பெண்களைக் கண்டுபிடித்து, எல்லோருடைய தாய்மாரையும் விசாரித்தார்கள். நோயாளிகளின் தாய்மாரில் 8 பேரில் 7 பேர் டிஇஎஸ் சாப்பிட்டவர்கள். மற்ற 32 தாய்மாரில் ஒருவர்கூட இல்லை. 1971 ஏப்ரலில் கட்டுரை வெளிவந்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே, கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது.

இந்தப் புற்றுநோய் டிஇஎஸ் சாப்பிட்ட தாய்மாரின் மகள்களில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கே வந்தது. கருப்பையின் வடிவம் மாறியிருத்தல், கரு தரிக்காமை, குழாயில் கரு தங்குதல், குறைப்பிரசவம் ஆகியவை அதைவிடப் பலரை வாட்டின.

நம்பிக்கை: அப்படியானால் கர்ப்பத்தில் எந்த மருந்தும் தொடக் கூடாது.

உண்மை: இதுவும் ஆபத்தான முடிவு. வலிப்பு, தைராய்டு, சர்க்கரை நோய்க்கான மருந்தைத் தாமாக நிறுத்தினால் தாய்க்கும் சேய்க்கும் கேடு. மாற்ற வேண்டிய மருந்தை மருத்துவர்தான் மாற்ற வேண்டும். சில மாத்திரைகள் நன்மையும் செய்யும்: முன்பு நரம்புக்குழல் குறையோடு (மூளையோ தண்டுவடமோ சரியாக உருவாகாத குறை) குழந்தை பெற்ற பெண்கள் கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டால், அக்குறை மீண்டும் வருவது ஏறக்குறைய முக்கால்வாசி குறைகிறது என்று 1991இல் நிரூபணமானது.

இன்று நம்மூரில் கரு தங்கத் தரப்படும் புரோஜெஸ்டிரோன் வேறு, டிஇஎஸ் வேறு. இரண்டையும் குழப்பிப் பயப்பட வேண்டாம். அதற்காகப் புரோஜெஸ்டிரோன் எல்லோருக்கும் தேவை என்றும் ஆகாது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரத்தப்போக்கு கண்ட 4,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் பிரிட்டனில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், ஒட்டுமொத்தமாகப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முன்பே கருச்சிதைவு ஆகியிருந்தவர்களுக்கு மட்டும் பலன் இருக்கலாம் என்று தெரிந்தது.

ஆகவே, இந்த மாத்திரை எனக்கு எதற்கு, எத்தனை நாளைக்கு என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று கடையில் வாங்கிப் போடாதீர்கள். கர்ப்பகால மருந்துச்சீட்டுகள் அத்தனையையும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழோடு பத்திரப்படுத்துங்கள். என்ன மருந்து சாப்பிட்டோம் என்று 20 ஆண்டு கழித்துச் சொல்ல முடியாமல் தவித்த தாய்மார் அமெரிக்காவில் ஏராளம்.