கூரத்துத் தம்பதியர்

காஞ்சிபுரத்திற்கு நாள்தோறும் மக்கள் பலர் வருகின்றனர். திருமணத்திற்குப் பட்டுச்சேலை எடுக்க வருவோர் சிலர். உற்றார் உறவினரைக் கண்டு செல்ல வருவோர் சிலர். வந்த காரியம் முடிந்ததும், கைலாசநாதர் கோயிலின் சிற்பங்களையும், ஏகாம்பரநாதர் கோயிலின் ஓங்கிய கோபுரத்தையும், வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தையும் கண்டு களித்து மீள்வர். அந்நகரின் வடபால், ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில், வயல்கள் சூழ்ந்த சிற்றூர் ஒன்று உண்டு. கூரம் என்பது அதன் பெயர். நகரத்தின் ஆரவாரம் அங்கே இல்லை. எனினும், அவ்வூரிலிருந்து ஒரு நாள் கால்நடையாகப் புறப்பட்ட கணவன் மனைவி இருவரின் பயணம், பல நூற்றாண்டுகள் கடந்தும் தமிழ்நாட்டில் பேசப்பட்டு வருகின்றது.

கூரம் பழம்பெருமை வாய்ந்த ஊர். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆட்சி புரிந்த முதலாம் பரமேசுவரவர்மன் என்னும் பல்லவ மன்னன், இங்கே சிவபெருமானுக்குக் கற்கோயில் ஒன்றை எடுப்பித்தான். மலையைக் குடைந்து கோயில் அமைத்தல் பெருவழக்காக இருந்த காலம் அது. கல்லின்மேல் கல் அடுக்கிக் கோயில் கட்டும் முறை அப்பொழுதுதான் தலையெடுத்தது. அம்முறையில் எழுந்த தொடக்கக் காலக் கோயில்களுள் கூரத்துக் கோயிலும் ஒன்று. படுத்துறங்கும் யானையின் பின்புறம் போல வளைந்த அமைப்புடைய இத்தகைய கட்டடத்தைத் 'தூங்கானை மாடம்' என்பர்.

அம்மன்னன் அளித்த செப்பேடு ஒன்று கூரத்தில் கிடைத்துள்ளது. பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால்வாய் வெட்டப்பட்டதையும், பரமேசுவர தடாகம் என்னும் ஏரி அமைக்கப்பட்டதையும் அச்செப்பேட்டால் அறிகிறோம். கோயிலுக்கென அளித்த ஊரின் வருவாயை 25 பங்குகளாக வகுத்த மன்னன், அவற்றுள் ஒரு பங்கைக் கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென ஒதுக்கினான். வயலுக்கு நீரளித்த வேந்தன், ஊராரின் செவிக்கும் உணவளித்தான் எனலாம். கூரத்தில் கிடைத்த பல்லவர் காலத்து நடராசர் செப்புத் திருமேனி, இன்று சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது.

இத்தகைய ஊரில், பதினோராம் நூற்றாண்டில் செல்வர் ஒருவர் வாழ்ந்தார். திருமறுமார்பர் என்பது அவர் இயற்பெயர். கூரேசர் என்றும், கூரத்தாழ்வான் என்றும் அவரை உலகம் போற்றும். அவர் மனைவியார் ஆண்டாள். வைணவப் பெரியோரின் வரலாற்றைக் கூறும் குருபரம்பரை நூல்கள் அவ்விருவரைப் பற்றிப் பல செய்திகளைச் சொல்கின்றன.

கூரேசரின் மாளிகைக் கதவு காலையில் திறந்தால் இரவு வரையில் அடைபடாது. பசித்து வந்தோர் அனைவருக்கும் அங்கே உணவு உண்டு. இரவில் கடைசி விருந்தினரும் உண்டு சென்ற பின்னரே கதவை அடைப்பர். ஓரிரவு அப்பெருங்கதவம் அடைபடும் ஓசை காஞ்சிக் கோயில்வரை சென்று பெருந்தேவித் தாயாரின் செவியில் விழுந்ததாம். அஃது என்ன ஓசை என்று தாயார் வினவ, கூரத்துச் செல்வரின் மாளிகைக் கதவின் ஓசை என்று திருக்கச்சி நம்பிகள் விடை கூறினாராம்.

இச்செய்தி கூரேசருக்கு எட்டியது. வேறொருவராயின் தம் கொடையின் புகழ் கோயிலையும் எட்டியதென்று மகிழ்ந்திருப்பர். அவரோ நாணினார். தம் செல்வம் இத்துணை ஆரவாரம் செய்கின்றதே என்று வருந்தினார். பொருள் அனைத்தையும் பிறர்க்கு ஈந்துவிட்டுத் திருவரங்கம் சென்று இராமாநுசரின் அடியவராய் வாழ்வது எனத் துணிந்தார். ஆண்டாளும் உடன் புறப்பட்டார்.

காஞ்சியிலிருந்து திருவரங்கம் 250 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் உள்ளது. இன்று பேருந்தில் ஒரு பகற்பொழுதுக்குள் சென்று சேரலாம். அன்றோ, காடும் மேடும் கடந்து பல நாள் நடத்தல் வேண்டும். வழியில் ஒரு காட்டைக் கடக்கையில் இருள் சூழ்ந்தது. ஆண்டாள் அச்சத்தோடு நடப்பதைக் கணவர் கண்டார்.

"மடியில் கனமிருந்தால் அன்றோ வழியில் பயம்? ஏதேனும் கொண்டு வந்தனையோ?" என்று கேட்டார்.

தாம் கூரத்தில் நாள்தோறும் கணவருக்கு அமுது படைத்த பொன் வட்டிலை எடுத்து வந்ததாக ஆண்டாள் கூறினார். கூரேசர் அதனை வாங்கிக் காட்டில் எறிந்துவிட்டு, "இனி அச்சம் இல்லை, வா" என்று அழைத்து நடந்தாராம்.

இங்கே ஆண்டாளைப் பொன்னாசை கொண்டவர் என்று எண்ணுதல் தவறு. மாளிகையையும் நிலத்தையும் மறுமொழியின்றித் துறந்தவருக்கு ஒரு வட்டிலின் பொன் பெரிதன்று. வழிநடையில் கணவர் நீர் அருந்தக் கலம் வேண்டுமே என்னும் அன்பே அதனை எடுக்கச் செய்தது. ஆயினும், அன்பினால் சுமந்தாலும் பொன் பொன்னே. அஃது அச்சத்தை உடன் கொண்டு வரும். இதனைக் கணவர் உணர்த்தினார்; மனைவியாரும் உணர்ந்தார்.

திருவரங்கத்தில் அவர்கள் இரந்துண்டு வாழ்ந்தனர். ஊருக்கெல்லாம் சோறிட்டவர் வீடுதோறும் சென்று அரிசி பெற்றார். ஒருநாள் மழை விடாது பெய்தது. வெளியே செல்ல இயலவில்லை. இருவரும் பட்டினி கிடந்தனர். இரவில் கோயிலில் இறைவனுக்கு அமுது படைக்கும் மணியோசை குடிலில் கேட்டது. "அடியவர் பசித்திருக்க நீர் அமுது செய்கின்றீரோ!" என்று ஆண்டாள் மனத்துக்குள் நொந்தார். சற்று நேரத்தில் கோயிலிலிருந்து பிரசாதம் அவர்கள் குடிலுக்கு வந்தது என்பர். முன்னர் அவர்கள் வீட்டு ஓசை கோயிலில் கேட்டது. இப்பொழுது கோயில் ஓசை அவர்கள் வீட்டில் கேட்டது.

கூரேசரின் பெரிய சோதனை பின்னர் வந்தது. சமயப் பூசல் மிக்கிருந்த அந்நாளில், இராமாநுசருக்கு அரசவையிலிருந்து அழைப்பு வந்தது. ஆசிரியர்க்குத் தீங்கு நேரும் என்று அஞ்சிய கூரேசர், அவருடைய காவியுடையைத் தாம் உடுத்து, அவருக்குப் பதிலாக அவைக்குச் சென்றார். அங்கே தம் இரு கண்களையும் இழந்தார். அத்துன்பத்திற்குக் காரணமாய் இருந்தவன் நாலூரான் என்பவன்.

ஆண்டுகள் சென்றன. கண்ணிழந்த கூரேசர் மீண்டும் காஞ்சிக்கு வந்தார். தாம் பிறந்த ஊர் அருகில் இருந்தது; காண்பதற்குக் கண் இல்லை. வரதராசரைப் போற்றி 'வரதராஜ ஸ்தவம்' என்னும் வடமொழி நூலைப் பாடினார். வேண்டும் வரம் கேட்கலாம் என்ற நிலை வந்தபொழுது, அவர் கண்ணைக் கேட்கவில்லை. தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெறவேண்டும் என்று கேட்டாராம். பொன் வட்டிலைக் காட்டில் எறிந்தவர், பகையையும் தம் நெஞ்சில் சுமக்கவில்லை.

கூரத்தில் இன்று ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் கூரத்தாழ்வானுக்குத் தனிச் சன்னிதி உண்டு. பல்லவன் எடுத்த கற்கோயிலும் அவ்வூரிலேயே உள்ளது. காஞ்சிக்கு வருவோர் பட்டும் பொருளும் வாங்கி மூட்டை நிறையக் கொண்டு செல்கின்றனர். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால், பயணத்திற்கு எதை எடுத்துச் செல்வது என்று எண்ணுவோர், எதை விட்டுச் செல்வது என்றும் சிறிது எண்ணுதல் வேண்டும். அதனைக் கற்பிக்கும் ஊர் கூரம்.

வினாக்கள்

1. கூரத்துச் செப்பேட்டால் அறியப்படும் செய்திகள் யாவை?
2. தம் கொடையின் ஓசை கோயிலை எட்டியது கேட்டுக் கூரேசர் நாணியது ஏன்?
3. ஆண்டாள் பொன் வட்டிலை எடுத்து வந்ததற்குக் காரணம் யாது? கணவர் அதனை எறிந்தது சரியா? உன் கருத்தை எழுதுக.
4. 'மடியில் கனமிருந்தால் வழியில் பயம்' என்னும் பழமொழியை விளக்கி ஒரு பத்தி எழுதுக.