நடுநிலைப் பள்ளியில் செய்து கற்றல்: ஹோஷங்காபாத் அனுபவம்

மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (இன்றைய நர்மதாபுரம்) 1972ஆம் ஆண்டில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியற் போதனைத் திட்டம் தொடங்கப்பெற்றது. கிஷோர் பாரதி, ரசூலியாவிலுள்ள நண்பர்கள் கிராமிய மையம் ஆகிய இரு தொண்டு நிறுவனங்கள் மாநில அரசின் அனுமதியுடன் இதனை மேற்கொண்டன. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தையும் தில்லிப் பல்கலைக் கழகத்தையும் சார்ந்த அறிவியலார் துணை நின்றனர். 1978இல் மாவட்டம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்ட இத்திட்டத்தை, 1982இல் நிறுவப்பெற்ற ஏகலவ்யா பிற மாவட்டங்களுக்கும் கொண்டு சென்றது.

ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குரிய 'பால வைக்ஞானிக்' என்ற நூலில் மனப்பாடம் செய்வதற்கான வரையறைகள் இல்லை. செய்து பார்க்க வேண்டியவையும், அவற்றை ஒட்டிய வினாக்களுமே இருந்தன. மாணவர்கள் நால்வர் நால்வராக அமர்ந்து சோதனைகளைச் செய்தனர். இலையும் மண்ணும் தேடி வெளியே சென்றனர். தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வுக் குழாய்த் துண்டுகளையும் இணைத்து வடிவங்கள் அமைக்கும் முறை 1978இல் அரவிந்த் குப்தா இங்கு உருவாக்கியதாகும். மனத்தில் எழும் ஐயங்களை 'சவாலிராம்' என்ற கற்பனை மனிதருக்குக் கடிதமாக எழுதினால் பதில் வரும்.

தேர்வு முறையிலும் மாற்றம் செய்யப்பட்டது. புத்தகத்தையும் தம் குறிப்பேட்டையும் பார்த்து எழுத மாணவர்கள் அனுமதிக்கப்பட்டனர். செய்முறைத் தேர்வும் உண்டு. பாடம் சொல்லித் தர வீட்டில் எவருமில்லாத பிள்ளைக்கு இதன் பொருள் பெரிது. மனப்பாடத் தேர்வு, பள்ளிக்கு வெளியே கிடைக்கும் உதவியையும் சேர்த்தே அளக்கிறது. தன் கையால் எழுதிய குறிப்பேட்டுடன் தேர்வுக்குச் செல்பவனுக்கு அச்சமும் குறைகிறது.

எனினும், நால்வர் குழு அமைத்துவிட்டால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது. குழுவை மாணவர்களே தேர்ந்துகொள்ள விட்டால் ஊரின் சாதிப் பிரிவினை வகுப்பறையிலும் அப்படியே அமரும்; சோதனையை மாணவன் செய்ய, மாணவி குறிப்பெழுதுவாள். பார்வை குன்றிய பிள்ளைக்குத் தொட்டும் கேட்டும் அறியத்தக்க வேலையை ஆசிரியர் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். இதற்கு ஒருமுறைப் பயிற்சி போதாது. ஹோஷங்காபாத்தில் ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடி வகுப்பறை இடர்ப்பாடுகளை விவாதித்தனர். திட்டத்தின் உயிர்நாடி நூலன்று, இக்கூட்டமே எனலாம்.

சுமார் ஆயிரம் பள்ளிகளை எட்டியிருந்த இத்திட்டத்தை மாநில அரசு 2002ஆம் ஆண்டில் நிறுத்தியது. மாநிலப் பொதுப் பாடநூல்கள் அதன் இடத்தைப் பெற்றன. ஏழு ஆண்டுகள் கழித்து, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 29ஆம் பிரிவில் செயல்வழிக் கற்றலையும், அச்சத்தினின்றும் பதற்றத்தினின்றும் குழந்தைக்கு விடுதலையையும் கோரிற்று. 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) உள்ளடக்கிய கல்வியைக் கடமையாக்கியுள்ளது.

சட்டம் கோருவதை வகுப்பறையில் நிறைவேற்ற, நிர்வாகம் சில சிறிய காரியங்களைச் செய்தாக வேண்டும். ஆசிரியர் கூட்டத்திற்குச் செல்லும் நாள் பணி நாளாகக் கருதப்பட வேண்டும். பயணப்படி காலத்தில் கிடைக்க வேண்டும். உடைந்த சோதனைக் குழாய்க்கு ஆசிரியரே ஈடு செய்ய நேருமாயின், கருவிப் பெட்டி பூட்டியே கிடக்கும். ஆண்டுதோறும் இவ்வளவு உடையும் என்று இருப்புப் பதிவேட்டிலேயே இடம் விட்டு, குறைந்ததை நிரப்பித் தருவது மாவட்டக் கல்வி அலுவலகத்தின் பொறுப்பு.