சண்டை மீன்: வளர்ப்பும் பொறுப்பும்



மழை விட்ட மாலைப் பொழுதில் நம் தோட்டத்துச் சிறுவர்கள் கால்வாய் ஓரத்தில் குனிந்து நிற்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அவர்கள் தேடுவது சண்டை மீன். மலாய் மொழியில் இதனை ‘ஈக்கான் லாகா’ என்பர். இக்காலத்தில் பலர் இம்மீனைக் கடையிலேயே சிறு பிளாஸ்டிக் குவளையில் வாங்கி வருகின்றனர். பிடித்து வந்தாலும் வாங்கி வந்தாலும் முதலில் செய்ய விரும்புவது ஒன்றே. இரண்டு ஆண் மீன்களை ஒரே போத்தலில் விட்டு, “எது வெல்லும்?” என்று பார்த்திருப்பதாகும். காசு வைத்துப் பந்தயம் கட்டுவோரும் உண்டு.

இம்மீன் ஏன் சண்டையிடுகிறது? அதனை முறையாக வளர்ப்பது எவ்வாறு? அதன் குஞ்சுகளைக் காப்பது யார்? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பெயரும் இனங்களும்

கடைகளில் நாம் காணும் நீண்ட துடுப்பும் பல நிறமும் கொண்ட மீன், சயாம் சண்டை மீனாகும். அதன் தாயகம் தாய்லாந்து. அந்நாட்டு மக்கள் அதனைப் ‘பிளா காட்’ என்று அழைப்பர். ‘கடிக்கும் மீன்’ என்பது அதன் பொருள். 1910ஆம் ஆண்டில் ரீகன் என்ற ஆங்கிலேய அறிஞர் அதற்குப் ‘பெட்டா ஸ்பிளென்டென்ஸ்’ என்னும் அறிவியற் பெயரை அளித்தார். மனிதர் இம்மீனைக் குறைந்தது ஆயிரம் ஆண்டுகளாக வளர்த்து வருகின்றனர் என்று 2022ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று கூறுகிறது. 2019ஆம் ஆண்டில் தாய்லாந்து அரசு இதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.

நம் மலேசிய மண்ணுக்கும் சொந்தமான சண்டை மீன்கள் உண்டு. நெல் வயல்களிலும் சதுப்பு நிலங்களிலும் கால்வாய்களிலும் வாழும் ‘பெட்டா இம்பெல்லிஸ்’ அவற்றுள் ஒன்று. 1975ஆம் ஆண்டில் பெயரிடப்பட்ட இம்மீன் கருநீல உடலும், வாலின் ஓரத்தில் பிறை போன்ற சிவப்பு வரியும் உடையது. ‘இம்பெல்லிஸ்’ என்றால் போர்க்குணம் அற்றது என்று பொருள். மலையோரச் சிற்றோடைகளில் வாழும் ‘பெட்டா பக்னாக்ஸ்’ மற்றொன்று. பினாங்கில் கிடைத்த இம்மீனைப் பற்றி, தியோடர் கான்டர் என்ற டென்மார்க் நாட்டு மருத்துவர் 1849ஆம் ஆண்டில் எழுதினார். இதன் ஆண் மீன் முட்டைகளைத் தன் வாயிலேயே வைத்துக் காக்கும் இயல்புடையது.

நீரில் வாழ்ந்தாலும் காற்றை நாடும்

சண்டை மீனுக்கு மற்ற மீன்களைப் போலவே செவுள்கள் உண்டு. அவற்றுக்கு மேலே, தலையினுள், மடிப்பு மடிப்பாக அமைந்த ஓர் உறுப்பும் உண்டு. மீன் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயால் காற்றை விழுங்கும்போது, அக்காற்றில் உள்ள உயிர்வளியை இவ்வுறுப்பு ஈர்த்துக்கொள்கிறது. நாம் உணவாகக் கொள்ளும் செப்பாட் மீனும், பனையேறிக் கெண்டை எனப்படும் புயு மீனும் இவ்வாறே காற்றைச் சுவாசிப்பவை. ஆதலால்தான் தேங்கிய நீரிலும் இவை உயிர் வாழ்கின்றன.

இதனைக் கண்டு, “சண்டை மீனுக்குச் சிறு குவளையே போதும்” என்று சிலர் கருதுவர். அது தவறு. காற்றைச் சுவாசிக்கும் ஆற்றல், அழுக்கு நீரின் நஞ்சிலிருந்து மீனைக் காப்பாற்றாது. மீனின் கழிவும் மிஞ்சிய உணவும் நீரில் அம்மோனியாவாக மாறுகின்றன. நீர் குறைவாயின் நஞ்சு விரைவில் பெருகும். குவளையில் உள்ள மீன் பிழைத்திருக்கலாம், நலமாக வாழாது.

சண்டை எதற்காக?

ஆண் மீன் தனக்கென ஓரிடத்தைத் தேர்ந்து, அங்கே நீர்ப்பரப்பில் குமிழிகளால் கூடு கட்டுகிறது. அவ்விடத்தினுள் வேறோர் ஆண் மீன் நுழைந்தால், செவுள் மூடிகளையும் துடுப்புகளையும் விரித்துக்காட்டி அச்சுறுத்துகிறது. வயலிலோ ஓடையிலோ வலிமை குறைந்த மீன் துடுப்பை மடக்கிக்கொண்டு விலகிப் போய்விடும். பெரும்பாலும் சண்டை அத்துடன் முடிந்துவிடும்.

போத்தலுக்குள் ஓடுவதற்கு இடம் ஏது? தோற்ற மீனும் அங்கேயே இருக்க வேண்டியுள்ளது. வென்ற மீனும் அதனைக் கடித்துக்கொண்டே இருக்கிறது. ஆகவே மீன் சாவது அதன் குணத்தால் மட்டுமன்று. நாம் வைத்த போத்தலாலுமாகும். இதனை உணர்ந்தவர் இரண்டு ஆண் மீன்களை ஒன்றாக விடமாட்டார்.

வளர்க்கும் முறை

ஒரு மீனுக்கு ஏறத்தாழ 10 லிட்டர் நீர் கொள்ளும் தொட்டி நன்று. 5 லிட்டருக்குக் குறைதல் கூடாது. சண்டை மீன் துள்ளும் இயல்புடையது. ஆதலால் மூடி தேவை. மூடிக்கும் நீருக்கும் இடையே காற்று இருக்குமாறு நீரை விளிம்புவரை நிரப்பாது விட வேண்டும். நம் நாட்டு வெப்பநிலை இம்மீனுக்கு ஏற்றது. எனினும் வெயில் நேரே படும் இடத்தில் தொட்டியை வைத்தலாகாது.

குழாய் நீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்க்கப்படுகிறது. அது மீனின் செவுளைச் சுடும். நீரை வாயகன்ற வாளியில் ஒரு நாள் முழுதும் வைத்திருந்தால் குளோரின் பெரும்பாலும் நீங்கிவிடும். சிங்கப்பூர் போன்ற இடங்களில் குளோரமின் என்னும் பொருள் சேர்க்கப்படுகிறது. அது நீரை வைத்திருப்பதால் நீங்காது. மீன் கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கும் மருந்தைக் குறித்த அளவில் கலக்க வேண்டும். வாரம் ஒருமுறை நீரில் நான்கில் ஒரு பங்கை மாற்றினால் போதும். காய்ந்த கெத்தாப்பாங் இலை ஒன்றைக் கழுவி நீரில் இடுவது பழைய வழக்கம். இலையின் சாறு நீரைத் தேயிலை நிறமாக்கும். மீன் பிறந்து வளரும் சதுப்பு நீரும் அத்தகையதே.

உணவை நாளுக்கு ஒரு முறையோ இரு முறையோ, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே இட வேண்டும். கொசுப்புழு சண்டை மீனுக்கு விருப்பமான உணவுதான். ஆயினும் மீனுக்காக வீட்டில் நீரைத் தேக்கிக் கொசுப்புழு வளர்ப்பது பெருந்தவறு. தப்பிய புழுக்கள் ஏடிஸ் கொசுக்களாகி டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும். நம் நாட்டில் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி அது குற்றமுமாகும். கடையில் விற்கும் உருண்டை உணவே பாதுகாப்பானது.

குஞ்சு பேணும் தந்தை

முட்டைகளால் வயிறு பருத்த பெண் மீனை ஒரு கண்ணாடிக் குவளையில் இட்டு, ஆண் மீன் உள்ள தொட்டியினுள் வைக்க வேண்டும். ஆண் மீன் அதனைக் கண்டு, மிதக்கும் இலையின் அடியில் குமிழிக் கூட்டைக் கட்டத் தொடங்கும். ஒரு நாள் கழித்துப் பெண் மீனை வெளியே விடலாம். அது மறைந்துகொள்ளச் செடிகள் இருத்தல் வேண்டும்.

கூட்டின் கீழே ஆண் மீன் பெண் மீனைத் தன் உடலால் வளைத்துத் தழுவும். வெண்ணிற முட்டைகள் மெல்லக் கீழே இறங்கும். ஆண் மீன் அவற்றை வாயால் பொறுக்கிக் கூட்டில் ஒட்டி வைக்கும். இவ்வாறு நூற்றுக்கணக்கான முட்டைகள் சேர்வதும் உண்டு. இது முடிந்தவுடன் பெண் மீனை வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையேல் ஆண் மீன் அதனைத் தாக்கும்.

அதன் பின்னர் ஆண் மீனுக்கு ஓய்வில்லை. உடைந்த குமிழிகளைப் புதுப்பிக்கும். விழுந்த முட்டையைத் தேடி எடுத்து வைக்கும். ஒன்று அல்லது இரண்டு நாளில் முட்டைகள் பொரியும். வால் கீழ்நோக்கித் தொங்கும் குஞ்சுகள் நழுவி விழுந்தால் அவற்றையும் வாயால் ஏந்திக் கூட்டில் சேர்க்கும். மேலும் இரண்டு மூன்று நாளில் குஞ்சுகள் கிடையாக நீந்தத் தொடங்கும். அப்போது ஆண் மீனைப் பிரித்துவிட வேண்டும்.

காய்ந்த வாழையிலைத் துண்டை ஊறவைத்த நீரில் சில நாளில் நுண்ணுயிர்கள் தோன்றும். அந்நீரைச் சிறிது சிறிதாக இடுவது குஞ்சுகளுக்கு முதல் உணவாகும். பின்னர் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாவை இடலாம். காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு சில வாரங்கள் சென்ற பின்னரே குஞ்சுகளுக்கு வளர்கிறது. அக்காலத்தில் குளிர்ந்த காற்றுப் படாதவாறு தொட்டியை மூடிக் காத்தல் வேண்டும்.

எங்கள் பட்டறிவு

எங்கள் பள்ளி அறிவியல் மூலையில் முதன்முறை இதனை முயன்றபோது நாங்கள் தோல்வியுற்றோம். முட்டையிட்ட செய்தி பரவியவுடன் ஒவ்வொரு வகுப்பாக வந்து மூடியைத் திறந்து பார்த்தோம். மூன்றாம் நாள் நீர் கலங்கியிருப்பதாக எண்ணி, குழாய் நீரை நேரே ஊற்றினோம். மறுநாள் காலையில் கூடு கலைந்திருந்தது; குஞ்சுகள் அடியில் அசைவற்றுக் கிடந்தன. ஆண் மீன் மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துச் சென்று கூடு இருந்த இடத்தில் வைத்தது. அவை மீண்டும் விழுந்தன. “டீச்சர், அப்பா மீன் இன்னும் தூக்குதே!” என்று மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டபோது எங்களால் விடை கூற இயலவில்லை.

மகனை அழைத்துச் செல்ல வந்த பெற்றோர் ஒருவர் தொட்டியைப் பார்த்தார். அவர் செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளர். இளமையில் கால்வாய் மீன்களை வளர்த்தவர். “டீச்சர், தண்ணிய ஒரு நாள் வச்சிருந்துதான் ஊத்தணும். மூடியைத் தொறக்காதீங்க. அந்த மீனுக்கு வேலை தெரியும், நாம கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்” என்றார். எங்கள் கையிலிருந்த புத்தகத்திலும் இச்செய்தி இருந்தது. ஆர்வ மிகுதியால் நாங்கள்தாம் அதனைப் பின்பற்றவில்லை.

இரண்டாம் முறை அவர் சொற்படி செய்தோம். 37 குஞ்சுகள் வளர்ந்தன. ஆனால் புதிய சிக்கல் ஒன்று எழுந்தது. மூன்றாம் மாதத்தில் ஆண் குஞ்சுகள் ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கின; ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தேவைப்பட்டது. எங்களிடம் இருந்த தொட்டிகளோ 12. பெற்றோரின் உதவியால் மற்றவற்றை வீடுகளுக்கு அளித்தோம். ‘சண்டைக்கு விடமாட்டோம், ஆற்றிலோ கால்வாயிலோ விடமாட்டோம்’ என்று எழுதிக் கையொப்பமிட்ட மாணவர்க்கே மீனைக் கொடுத்தோம். மீனை முட்டையிடச் செய்யுமுன் தொட்டிகளை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது நாங்கள் கற்ற இரண்டாம் பாடம்.

வேறு சிறு மீன்கள்

பல மீன்களை ஒன்றாகக் காண விரும்புவோர் கப்பி மீன்களை வளர்க்கலாம். கப்பி முட்டையிடாது, ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டிகளை ஈனும். தாயே குட்டியைத் தின்றுவிடும் ஆதலால் நீர்ச்செடிகள் அடர்ந்திருத்தல் நலம். நீண்ட வாலுடைய கப்பியைச் சண்டை மீனுடன் சேர்த்தல் கூடாது. செம்பொன் நிறமும், உடலில் முக்கோணக் கருமையும் கொண்ட ஹார்லெக்வின் ராஸ்போரா நம் நாட்டு ஓடைகளுக்கே உரியது. அது கூட்டமாக வாழும் மீன். ஆறுக்குக் குறையாமல் வளர்க்க வேண்டும்.

நமது கடமை

கடையில் வாங்கிய மீனைக் கால்வாயில் விடுவது இரக்கச் செயல் என்று எண்ணலாகாது. சயாம் மீன் நம் இம்பெல்லிஸ் மீனுடன் கலந்து இனம் பெருக்கும். அதனால் நம் மண்ணின் மீன் தன் இயல்பை இழக்கும். சதுப்பு நிலங்கள் வற்றச் செய்யப்படுவதாலும் இவை குறைந்து வருகின்றன. 1986ஆம் ஆண்டில் பெயரிடப்பட்ட ஜொகூர்ச் சதுப்பு நிலக் கருநிறச் சண்டை மீனான ‘பெட்டா பெர்செபோனி’ அழியும் ஆபத்தில் உள்ளது.

களைக்கொல்லி தெளிக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். தெளிப்பானையும் மருந்துக் கலன்களையும் கால்வாயில் கழுவாதீர்கள். கழுவிய கலனாயினும் அதனை மீன் வளர்க்கவோ நீர் சேர்க்கவோ பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். மீனைக் கொல்லும் நஞ்சு பிள்ளைகளுக்கும் கேடு செய்யும்.

மாணவர்களே! அம்மீன் போரிடுவது தன் கூட்டைக் காப்பதற்காக. இனி உங்கள் கையில் ஒரு சண்டை மீன் கிடைத்தால் அதற்கு எதிரியைத் தேடாதீர்கள். நல்ல நீரையும் தனி இடத்தையும் தேடிக் கொடுங்கள்.

பயிற்சி

1. சண்டை மீன் தேங்கிய நீரிலும் உயிர் வாழ்வது எவ்வாறு?
2. குழாய் நீரை நேரே தொட்டியில் ஊற்றக் கூடாதது ஏன்?
3. முட்டைகளையும் குஞ்சுகளையும் ஆண் மீன் காக்கும் முறையை ஐந்து வாக்கியங்களில் எழுதுக.
4. மீனுக்காகக் கொசுப்புழு வளர்ப்பதால் வரும் கேடு யாது?
5. உங்கள் வீட்டருகே உள்ள கால்வாயில் வாழும் மீன்களின் பெயர்களைப் பெரியோரிடம் கேட்டறிந்து பட்டியலிடுக. முன்பு இருந்து இப்போது காணப்படாதவற்றைத் தனியே குறிக்கவும்.