சோற்றிலிருந்து தொடங்கு: இளம் உணவியல் நிபுணருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்திலுள்ள பலதுறை மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய். மகிழ்ச்சி. வருகிறவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பழையபடியே சாப்பிடுகிறார்கள் என்று நொந்து எழுதியிருந்தாய். மாவுச்சத்து, புரதம், கொழுப்பு என்று நீ தெளிவாகத்தான் சொல்லியிருப்பாய். ஆனால் தேக்கா சந்தையில் மாவுச்சத்து வாங்குகிறவர் யாருமில்லை. அரிசியும் பருப்பும் முருங்கைக்காயும்தான் வாங்குகிறார்கள். பேச்சை அங்கிருந்து தொடங்கு.

நம் தொழிலின் பெரிய பாடங்களில் ஒன்று நம்மவர் சோற்றிலிருந்து வந்ததுதான். நூறு ஆண்டுகளுக்கும் முன்பு மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆட்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. கால் மரத்துப்போகும், வீங்கும், கடைசியில் இதயம் நிற்கும். சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசியைத் தின்ற சீனத் தொழிலாளர்களை அது வாட்டியது. புழுங்கலரிசி தின்ற தமிழர்களை அநேகமாகத் தொடவில்லை. இதைக் கவனித்து 1907இல் நூலாகவே எழுதினார் பிராடன் என்ற மருத்துவர். கெட்டுப்போன அரிசியில் ஏதோ நஞ்சு என்பது அவர் கணிப்பு. கணிப்பு தவறு, கவனிப்பு சரி. கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஃபிளெச்சர் என்ற இன்னொரு மருத்துவர் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலும் போட்டார். ஓராண்டில் பச்சரிசிப் பக்கம் பெரிபெரிக்கு 18 பேர் பலி. புழுங்கல் பக்கம் ஒருவர்கூட இல்லை. (இன்று இப்படி ஓர் ஆய்வுக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது.)

காரணம் வைட்டமின் பி1 என்கிற தயமின். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசியின் உள்ளே இறங்கிவிடும். பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி தங்கும். சோறு குளுக்கோஸாக உடைந்தபின் அதை எரித்து ஆற்றலாக்க அந்த பி1 வேண்டும். அது இல்லாவிட்டால், தின்ற சோறு வயிற்றை நிரப்பும், ஆனால் நரம்புக்கும் இதயத்துக்கும் ஆற்றல் போய்ச் சேராது. எந்தச் சத்தும் தனியாக வேலை செய்வதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. சோற்றுப் புரதத்தில் லைசின் குறைவு. பருப்பு அதை ஈடுகட்டும். கீரையின் இரும்பை உடல் ஈர்க்க எலுமிச்சைச் சாறு துணை. முருங்கைக்கீரையின் வைட்டமின் ஏ உடலில் சேர ஒரு கரண்டி எண்ணெயாவது வேண்டும்.

ஆகவே, “நாங்க புழுங்கலரிசிதான்மா” என்று ஒரு பாட்டி பெருமையாகச் சொன்னால் மறுக்காதே. நல்லது என்று சொல்லிவிட்டு, எவ்வளவு என்று கேள். தோட்டத்தில் உழைத்தவர் உடல் அத்தனை சோற்றையும் எரித்தது. காவல் வேலையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவரின் தசைக்கும் ஈரலுக்கும் கொஞ்சம் குளுக்கோஸைத்தான் சேமிக்க முடியும், மிச்சம் கொழுப்பாகும். சிங்கப்பூரில் உடல் எடைக் குறியீடு 23ஐத் தொட்டாலே எச்சரிக்கிறோம். நம் உடம்பு ஒல்லியாகத் தெரியும்போதே வயிற்றில் கொழுப்பு சேர்த்துவிடும்.

சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ‘ஆரோக்கியத் தட்டு’ படத்தை மேசையில் வைத்திருப்பாய். பாதி காயும் பழமும், கால் பங்கு முழுதானியம், கால் பங்கு புரதம். நல்ல படம்தான். ஆனால் வாழையிலையில் அந்த வட்டத்தை எங்கே வரைவது? இரண்டாம் முறை பரிமாற வரும்போது சோற்றுக்குப் பதில் கூட்டு கேளுங்கள் என்று சொல், புரியும்.

இன்னொன்று. “நான் சீனியே சேர்த்துக்கிறதில்லை” என்பார்கள். பொய் சொல்லவில்லை. காப்பிக்கடையில் ‘தே’ என்று கேட்டால் குவளையின் அடியில் முதலில் விழுவது கெட்டிப்பால். அதன் எடையில் பாதி சர்க்கரை. ‘தே ஓ கோசோங்’ என்றால்தான் பாலும் இல்லை, சீனியும் இல்லை. 2023 டிசம்பர் முதல் கடையில் கலக்கும் பானங்களுக்கும் நியூட்ரி கிரேட் என்ற தரக்குறியீடு வந்துவிட்டது. சின்னக் கடைகளுக்கு விலக்கு உண்டு. ஆகவே நீதான் கேட்க வேண்டும்: ஒரு நாளைக்கு எத்தனை தே, எதில் கலந்தது, சாப்பிட்ட உடனேயா? சோகை உள்ள பெண்களுக்கு அந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். தேநீர் இரும்பைத் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொல்.

இந்தக் கெட்டிப்பாலைப் பற்றி இதே ஊரில் ஒரு பெண் மருத்துவர் 1939இலேயே குரல் கொடுத்தார். சிசிலி வில்லியம்ஸ், சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசிய பேச்சுக்கு வைத்த தலைப்பு ‘பாலும் கொலையும்’. குழந்தைகளுக்குத் தாய்ப்பாலுக்குப் பதில் டின்பாலைக் கொடுக்கச் சொல்லும் தவறான பிரசாரத்தால் நேரும் சாவுகளைக் கொலை என்றே கருத வேண்டும் என்றார். அவரைப் படி. பணிவாக மட்டும் பேசிப் பயனில்லாத நாள்கள் உனக்கும் வரும்.

விடுதியில் தங்கும் கட்டுமான ஊழியர்களிடம் மட்டும் சிவப்பரிசி பற்றிப் பேசாதே. விடியுமுன் கட்டிய பொட்டலத்தை மதியம் பிரிக்கிறவருக்குத் தேர்வு ஏது? ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் அவரே வாங்கக்கூடியதைச் சொல்: வேர்க்கடலை, வாழைப்பழம், அவித்த முட்டை.

அடுத்த கடிதத்தில், உன்னிடம் வந்தவர்களில் மூன்று பேர் ஒரு நாள் முழுக்க என்ன சாப்பிட்டார்கள் என்று எழுது. பெயர் வேண்டாம், சர்க்கரை அளவும் வேண்டாம். எத்தனை மணிக்கு, எங்கே, யார் சமைத்தது என்று மட்டும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அக்கா