போகிறவனும் அனுப்புகிற சபையும்



இந்த மாத வேதபாடத்துக்கு அப்போஸ்தலர் 13, 16 ஆகிய இரண்டு அதிகாரங்களை எடுத்திருக்கிறேன். வேதத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

காரணம் உங்களில் பலருக்குத் தெரியும். நம் சபையின் ஒரு சகோதரனுக்கு, இந்த ஊரை விட்டுக் குடும்பமாகப் போய், ஓசூருக்கு அப்பால் தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் ஒரு சபையை ஆரம்பிக்கவேண்டும் என்ற பாரம் ஒரு வருஷமாக இருக்கிறது. "கர்த்தர் பேசிட்டார்னா போகவேண்டியதுதானே பாஸ்டர், இதுல என்ன யோசனை?" என்று சிலர் கேட்கிறீர்கள். "இங்கேயே ஆத்துமாக்கள் அழியுது, அங்கே எதுக்கு?" என்று வேறு சிலர். இரண்டு கூட்டத்தாரும் அந்தியோகியா சபைக்குள் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம்.

அங்கே ஐந்து பேரின் பெயரை லூக்கா எழுதுகிறார். பர்னபா, நீகர் எனப்பட்ட சிமியோன், சிரேனே ஊரானாகிய லூகி, ஏரோதுடன் வளர்ந்த மனாயீன், கடைசியாக சவுல். அவர்கள் ஆராதித்து உபவாசித்துக்கொண்டிருக்கும்போது ஆவியானவர் பேசுகிறார். கவனியுங்கள், அவர் புதிதாக ஒன்றையும் சொல்லவில்லை. தாம் ஏற்கெனவே அழைத்திருந்த வேலைக்காக இரண்டு பேரைப் பிரித்துவிடும்படி சபையிடம் சொல்கிறார். சவுலின் அழைப்பு 9-ம் அதிகாரத்திலேயே வந்துவிட்டது. ஆனாலும் அவர் தனியாகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பவில்லை. பர்னபாவோடு ஒரு வருஷம் முழுவதும் அந்தச் சபையில் உபதேசித்தார் (11:26). கர்த்தர் அவரிடம் பேசியதைச் சபையிடமும் பேசும் நாள் வந்தது. சபை மறுபடியும் உபவாசித்து ஜெபித்து, கைகளை வைத்து அனுப்பியது. மூன்றாம் வசனத்தில் அனுப்பினது சபை, நான்காம் வசனத்தில் அனுப்பினது பரிசுத்த ஆவி. இந்த இரண்டு வசனத்தையும் பிரித்துப் பார்க்கிறவர்களால்தான் இன்று இத்தனை குழப்பம்.

இன்னொன்று. அந்தியோகியா யாரைக் கொடுத்தது? ஐந்து பேரில், போனாலும் பரவாயில்லை என்று இருந்தவர்களையா? பர்னபாவையும் சவுலையும் கொடுத்தது! நம் சகோதரன் போய்விட்டால் வாலிபர் கூட்டத்தை நடத்த ஆள் இல்லை, கீபோர்டு வாசிக்க ஆள் இல்லை, தசமபாகத்திலும் குறையும். மேய்ப்பனாகிய எனக்கு அவரை விட மனசு வரவில்லை. அதை மறைக்காமல் எழுதுகிறேன். ஆனால் என் மனசு வராததைக் கர்த்தரின் சித்தம் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.

இப்போது 16-ம் அதிகாரத்துக்கு வாருங்கள். பவுல் ஆசியாவில் வசனத்தைச் சொல்லப் போனார், ஆவியானவர் தடுத்தார். பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், அதுவும் அடைபட்டது. கடற்கரைப் பட்டணமாகிய துரோவாவில் வந்து நிற்கிறார். அங்கேதான் மக்கெதோனியனைத் தரிசனத்தில் காண்கிறார். தரிசனம் கண்டது ஒருவர். ஆனால் 10-ம் வசனத்தில், கர்த்தர் எங்களை அழைத்தார் என்று நிச்சயித்துக்கொண்டவர்கள் பலர். பவுல் கண்டதைச் சொல்லியிருக்கிறார், சீலாவும் தீமோத்தேயுவும் லூக்காவும் கேட்டிருக்கிறார்கள், சேர்ந்து தீர்மானித்திருக்கிறார்கள். "எனக்குத் தரிசனம், யாரும் கேட்கக் கூடாது" என்று பவுலே சொல்லவில்லை.

பிலிப்பியில் நடந்ததைப் பாருங்கள். தரிசனத்தில் கூப்பிட்டது ஒரு ஆண். போய் இறங்கின பிறகு வசனத்தைக் கேட்டது ஆற்றங்கரையில் கூடின ஸ்திரீகள். முதலில் இருதயம் திறக்கப்பட்ட லீதியாள் தியத்தீரா ஊர்க்காரி. தியத்தீரா எங்கே இருக்கிறது? பவுலைப் போகவிடாமல் தடுத்த அதே ஆசியாவில்! பிறகு அடி, சிறைச்சாலை, தொழுமரம். தரிசனம் உண்மைதான். ஆனால் நாம் மனதில் வரைந்து வைத்திருக்கிற படத்தின்படியே எல்லாம் நடக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறவன் ஆறு மாதத்தில் திரும்பி வந்துவிடுவான். ஆபிராம் அழைக்கப்பட்ட தேசத்துக்குத்தான் போனார், அங்கேதான் பஞ்சமும் வந்தது (ஆதி. 12:10).

"வாடகை வீடு சுலபமா கிடைச்சிருச்சு பாஸ்டர், அட்வான்சும் குறைச்சுட்டாங்க, கர்த்தர் வாசலைத் திறந்துட்டார்" என்று சொல்கிறவர்கள் யோனாவையும் வாசியுங்கள். யோப்பாவில் அவருக்கும் கப்பல் தயாராக இருந்தது, கையில் கூலியும் இருந்தது. கப்பல் கிடைத்ததெல்லாம் அழைப்பு ஆகிவிடாது. அதுபோல, இருக்கிற சபையில் மூப்பரோடு மனஸ்தாபம் வந்ததால் ஆரம்பமாகிற தரிசனமும் உண்டு. பக்கத்துத் தெருவிலேயே நாற்காலி போட்டு, நாலு விசுவாசிகளை இழுத்துக்கொண்டால் அது சபை நாட்டுதல் ஆகாது. வேறொருவர் அஸ்திபாரம் போட்ட இடத்தில் கட்டாதபடி பவுல் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தார் என்று ரோமர் 15:20 சொல்லும்.

நம் தெற்குச் சீமையிலிருந்தே ஒரு சாட்சி. வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா நம் பெந்தெகொஸ்தே வரிசையைச் சேர்ந்தவர் அல்ல, ஆங்கிலிக்கன் சபைக்காரர். இருந்தாலும் கற்றுக்கொள்ளலாம். அவரும் நண்பர்களும் சேர்ந்து 1903-ல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தை ஆரம்பித்தார்கள். தமிழர் காணிக்கையில், தமிழர் மிஷனரிகளாக, தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதிக்குப் போனார்கள். இன்றைக்கு அது தெலங்கானாவில் இருக்கிறது. அசரியா தாமே குடும்பத்தோடு அங்கே குடியேறியது 1909-ல். அதற்குள் சங்கத்துக்கு ஆறு வயது. அங்கே ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள், இங்கே ஜெபிக்கிறவர்களும் கொடுக்கிறவர்களும் இருந்தார்கள். ஒய்.எம்.சி.ஏ.-வில் பெரிய பொறுப்பை விட்டுவிட்டு, முப்பத்தைந்து வயதுவாக்கில் தெலுங்கோடு மல்லுக்கட்டினார். 1912-ல் பிஷப் ஆனார், 1945-ல் தோர்ணக்கல்லிலேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

நம் சகோதரன் போக நினைக்கிற பகுதியிலும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற கிராமங்கள் நிறைய உண்டு. தமிழ்நாட்டுக்குள்தானே என்று எண்ணிவிடக் கூடாது. கடைக்காரரிடம் தமிழ் போதும். ஆனால் ஒரு தாய் தன் பிள்ளைக்காக அழுது ஜெபிக்கிறபோது அவள் வீட்டுப் பாஷை தெரியாதவன் என்ன ஆறுதல் சொல்லுவான்?

வருமானத்தைக் குறித்தும் கேட்கிறீர்கள். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் ரோமாபுரியை விட்டு வந்தது தரிசனம் கண்டு அல்ல. கிலவுதியு ராயன் யூதரைத் துரத்தினபடியால் வந்தார்கள். கொரிந்துவில் கூடாரத் தொழில் செய்தார்கள், பவுலையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு எபேசு, மறுபடியும் ரோமாபுரி. போன இடங்களில் அவர்கள் வீட்டில் சபை கூடியது (1 கொரி. 16:19, ரோமர் 16:5). மாற்றலாகி வெளியூர் போகிற நம் விசுவாசிகள் இவர்களைத் தியானித்தால் நல்லது. நம் சகோதரன் மில்லில் ஃபிட்டர் வேலை பழகினவர். அங்கேயும் கைத்தொழிலைத் தொடரும்படி ஆலோசனை சொல்லியிருக்கிறேன். வீட்டு வாடகையைப் பாதி சபை தாங்கலாமா என்று மூப்பர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அவருடைய மனைவியின் காரியம் ஒன்று. கூட்டத்தில் கேட்டால் "அவங்க சொன்னா சரிங்கய்யா" என்கிறார்கள். அது எனக்குப் போதாது. அங்கே போய்த் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கப்போவதும், பிள்ளைகளைப் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து அவர்கள் அழுகையைக் கேட்கப்போவதும் அந்தச் சகோதரிதான். கர்த்தர் அவர்களோடும் பேச வல்லவர்.

ஆகையால் வருகிற மூன்று வெள்ளிக்கிழமையும் உபவாச ஜெபம் காலை பத்து மணிக்கு. பள்ளி விடுமுறையில் இருவரும் பத்து நாள் அங்கே போய்த் தங்குகிறார்கள். ஏற்கெனவே அங்கே ஊழியம் செய்கிறவர்களை முதலில் சந்தித்து, யாரும் போகாத கிராமங்கள் எவை என்று கேட்டு வரும்படி சொல்லியிருக்கிறேன். அவர்கள் திரும்பி வந்ததும் ஞாயிறு ஆராதனையில் சகோதரன் அறிக்கை கொடுப்பார். ஆராதனை முடிந்த பிறகு சகோதரிமார்கள் அந்தச் சகோதரியோடு உட்கார்ந்து, அவர்கள் அங்கே என்ன கண்டார்கள் என்று பொறுமையாகக் கேளுங்கள்.