கோழிக்கடை வேலைக்குச் சேருமுன்

2024 மே மாதத் தொடக்கத்தில், மும்பையில் செம்பூரை அடுத்த டிராம்பேயில் ரோட்டோரக் கடையில் சிக்கன் ஷவர்மா சாப்பிட்ட 19 வயது இளைஞர் சில நாளில் இறந்துபோனார். கெட்டுப்போன கோழி என்ற சந்தேகத்தில், கடை நடத்திய இருவரை போலீஸ் கைது செய்தது. அதற்குச் சற்று முன்புதான் கோரேகாவில் ஷவர்மா சாப்பிட்டுப் பத்துப் பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள்.

தாராவியில் கோழி வெட்டவோ, செம்பூரில் பிரியாணிக் கடைக்கோ, மாட்டுங்காவில் கேட்டரிங்குக்கோ போகிறீர்களா? சம்பளம் பேசுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கிருமிக்கும் சாப்பிடுகிறவருக்கும் நடுவில் கடைசியாக நிற்பது உங்கள் கைதான்.

வெளிநாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நியூசிலாந்தில் 2006-ல் மட்டும் சுமார் 16,000 பேருக்கு கேம்பிலோபாக்டர் என்ற கிருமியால் வயிற்றுப்போக்கு பதிவானது. பெரும்பங்கு கோழியால் வந்தது. கோழி ஆலைகளில் உரித்த கோழி மேல் இவ்வளவு கிருமிதான் இருக்கலாம் என்று அரசு வரம்பு கட்டியது. 2008-க்குள் நோயாளிகள் பாதிக்கும் கீழே குறைந்தார்கள். அங்கே ஆலைக் கதவிலேயே பாதிச் சண்டை முடிந்துவிடுகிறது. நம் ஊரில் கோழி உயிரோடு கூண்டில் கடைக்கு வருகிறது, கண்ணெதிரே அறுபடுகிறது. சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ன் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் 2011-ன் விதிகளும் இருக்கின்றன. அவற்றை அமல்படுத்தும் மகாராஷ்டிர உணவு, மருந்து நிர்வாகத்தின் (எஃப்.டி.ஏ.) தலைமை அலுவலகம் தாராவிக்குப் பக்கத்து பாந்த்ரா-குர்லா வளாகத்தில்தான் (பி.கே.சி.). ஆனால் கூண்டில் வரும் பறவைக்கு சால்மொனெல்லா என்ற கிருமி உண்டா இல்லையா என்று யாரும் சீட்டு எழுதி அனுப்புவதில்லை. எல்லாக் கோழியிலும் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை பாருங்கள்.

சேரும் நாளில் சுவரைப் பாருங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண்ணோடு லைசென்ஸோ பதிவுச் சான்றிதழோ மாட்டியிருக்க வேண்டும். பிறகு குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீரும் சோப்பும் இல்லாத கடையில் மற்ற நல்லதெல்லாம் வீண். முடிந்தால் வேறு கடை தேடுங்கள்.

பச்சைக் கறிக்கு ஒரு கட்டை, ஒரு கத்தி. வெந்ததற்கும் வெங்காயம் கொத்தமல்லிக்கும் வேறு. இடம் குறுகலான கடையில் இதுதான் முதலில் தவறும். கத்திப் பிடியில் கலர் டேப் சுற்றிவைத்தால் பீக் நேரத்திலும் மாறாது. ஃபிரிட்ஜில் பச்சைக் கறி எப்போதும் அடித்தட்டில். கறியைக் குழாயடியில் சளசளவென்று அலசுவது நம் வழக்கம், ஆனால் அந்தத் தெறிப்பு பக்கத்திலிருக்கும் சட்னிக் கிண்ணம் வரை போகும். அலசியே தீர வேண்டுமென்றால் தனித் தொட்டியில், குழாயை மெல்லத் திறந்து அலசுங்கள்.

அடுத்தது சூடு. கேட்டரிங்குக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சொல்லும் கணக்கு: கறித்துண்டின் நடுவே 75 டிகிரி 15 விநாடி, அல்லது 70 டிகிரி 2 நிமிடம், அல்லது 65 டிகிரி 10 நிமிடம். கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. ஊசித் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்தான், முதலாளி வாங்கித் தராவிட்டால் நீங்களே வாங்குங்கள். ஐஸ் தண்ணீரில் நுழைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அது பொம்மை.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமி கொழிக்கிறது. ஷவர்மாவின் சிக்கலே இங்கேதான். கூட்டம் குறைந்ததும் கேஸ் மிச்சம் என்று தீயைத் தணிப்பார்கள். வெளிப்புறம் சிவந்திருக்கும், உள் அடுக்கு வெதுவெதுப்பிலேயே நிற்கும். அதைச் சீவி ரொட்டியில் சுருட்டினால் விஷத்தையே சுருட்டிக் கொடுப்பதாகும். சீவியதைத் தவாவில் இன்னொரு முறை நன்றாக வாட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். ராத்திரி மிஞ்சியதை மறுநாள் கம்பியில் ஏற்றவே கூடாது. 'சூடு பண்ணினால் எல்லாம் செத்துடும்' என்று மூத்த மாஸ்டர்களே சொல்வார்கள். ஆனால் கையில் வெட்டுக்காயத்தோடு தொட்டவரிடமிருந்து ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி கறிக்குப் போய், அறைச் சூட்டில் விஷம் கக்கிவிட்டிருந்தால், பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த விஷம் போகாது. ஷவர்மாவில் தடவும் மயோனைஸிலும் ஆபத்து உண்டு: பச்சை முட்டை மயோனைஸைத் தெலங்கானா 2024-லும் தமிழ்நாடு 2025-லும் ஓராண்டுக்குத் தடை செய்தன. இங்கேயும் முட்டையில்லாத மயோனைஸ் வாங்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கு வயிற்றுப்போக்கோ வாந்தியோ என்றால் சாப்பாட்டைத் தொடாதீர்கள். முதலாளியிடம் சொல்வது விதிப்படி உங்கள் கடமை. தினக்கூலிக்காரருக்கு இது லேசான அறிவுரை இல்லை, தெரியும். கல்லாவிலோ கணக்கிலோ இரண்டு நாள் உட்காரக் கேளுங்கள்.

மேலே போக வேண்டுமா? 2017-ல் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தொடங்கிய ஃபாஸ்டாக் பயிற்சியில் சேருங்கள். 25 பணியாளருக்கு ஒரு பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் என்பது அதன் கணக்கு. அடிப்படை நிலை ஒரு நாளுக்குள் முடிந்துவிடும், சான்றிதழ் இரண்டாண்டு செல்லும். கூடவே ஒரு நோட்டில் தினமும் ஃபிரிட்ஜ் சூடு, வெந்த கறியின் சூடு, கோழி வந்த நேரம், கொடுத்த வியாபாரி ஆகியவற்றை எழுதுங்கள். அந்த நோட்டு வைத்திருக்கும் ஆளைக் கடைக்காரர் லேசில் விடமாட்டார். பிள்ளைகளில் யாராவது மைக்ரோபயாலஜி, உணவுத் தொழில்நுட்பம், கால்நடை மருத்துவம் என்று படித்தால், உணவுப் பாதுகாப்பு அதிகாரி வேலைக்கே மகாராஷ்டிர அரசுப் பணியாளர் தேர்வாணையம் (எம்.பி.எஸ்.சி.) வழியாகப் போட்டியிடலாம்.

'உங்க கடையில சாப்பிட்டு வாந்தி' என்று போன் வந்தால் பதறி மிச்சத்தைக் குப்பையில் கொட்டாதீர்கள். விற்பனையை நிறுத்துங்கள். மிஞ்சியதை மூடி, தேதி நேரம் எழுதி, ஃபிரிட்ஜில் தனியாக வையுங்கள். வேறு யார் யாருக்கு பார்சல் போனது என்று பட்டியல் எடுங்கள். போன் செய்தவரை உடனே டாக்டரிடம் போகச் சொல்லி, உங்கள் வார்டு ஆபீசுக்கும் தகவல் கொடுங்கள். தாராவிக்கு ஜி நார்த், மாட்டுங்காவுக்கு எஃப் நார்த், செம்பூருக்கு எம் வெஸ்ட்.